மழையில் கோத்தகிரி ஏற்றம்: மலை சைக்கிள்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர். வெயில் நாளில் இது அருமையான ஏற்றம். வடகிழக்குப் பருவமழை இறங்கிய பிறகு அதே சாலை வேறு முகம் காட்டும். பல வருடங்களாக ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இந்த மலையில் மலை சைக்கிளில் ஏறி வருகிறேன். புதிதாக ஏறப்போகிறவர்கள் என்னிடம் கேட்டவற்றையும், என் முதல் மழைக்காலத்தில் நான் கேட்டிருக்க வேண்டியவற்றையும் இங்கே எழுதியிருக்கிறேன். சமவெளியில் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிப் பழகியவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

இந்த ஏற்றம் உண்மையில் எவ்வளவு கடினம்?

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர். அதாவது ஒரே மூச்சில் 1,450 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். பவானி ஆற்றைத் தாண்டி, குன்னூர் சாலை பிரியும் இடத்திலிருந்து ஓடந்துறை வழியாகக் கொஞ்ச தூரம் சமதளம்தான். அதைக் கழித்துவிட்டால் மீதித் தூரத்தின் சராசரிச் சரிவு ஏறக்குறைய 5 சதவீதம். கேட்பதற்குக் குறைவாகத் தெரியும். ஆனால் இந்தச் சரிவு விடுவதே இல்லை. மூச்சு வாங்க ஒரு நீளமான இறக்கம் கிடைக்காது. வளைவுகளின் உள்விளிம்பில் சரிவு இன்னும் கூடும்.

பழகிய ஆளுக்கு மூன்றரை மணி நேரம், புதியவருக்கு நாலரை, ஐந்து மணி நேரம் ஆகும். மழையில் அதோடு அரை மணியாவது கூட்டிக்கொள்ளுங்கள். இந்த நேரக் கணக்குதான் முக்கியம். மழையில் ஒரு மணி நேரம் நனைவது யாருக்கும் பெரிய விஷயமில்லை. நான்கு மணி நேரம் நனைந்தபடியே உழைப்பது வேறு சங்கதி.

மழை ஏற்றம் பழக எந்த மாதம், எந்தப் பக்கம்?

நீலகிரிக்கு இரண்டு மழைக்காலம். தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் ஆகஸ்டு வரை மேற்குப் பக்கத்தைத்தான் வெளுத்து வாங்கும்: கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த மாதங்களில் கோத்தகிரிப் பக்கம் காற்றும் சாரலுமாக இருக்கும், அவ்வளவுதான். முதல் முறையாக ஈரத்தில் ஏறிப் பழக ஜூலை நல்ல மாதம் என்பது என் அனுபவம்.

அக்டோபர், நவம்பரில் கதை தலைகீழ். வங்கக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று முதலில் மோதுவது கிழக்குச் சரிவில். கோத்தகிரியும் குன்னூரும் அந்தச் சரிவில்தான் இருக்கின்றன. மழையும் மேகமும் குளிரும் ஒன்றாக வந்து சேர்வது அப்போதுதான். நான் இங்கே சொல்வது பெரும்பாலும் அந்த மாதங்களைப் பற்றி.

எந்த நாளில் கிளம்பவே கூடாது?

வானிலை ஆய்வு மையம் நீலகிரிக்கு ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை கொடுத்திருந்தால் சைக்கிளை எடுக்காதீர்கள். 24 மணி நேரத்தில் 11.5 சென்டிமீட்டரைத் தாண்டினால் மிகக் கனமழை, 20 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதிகனமழை. இந்த அளவுகள் சைக்கிள்காரரின் மனதிடத்தைச் சோதிப்பதற்கானவை இல்லை. மலையே இறங்கி வரும் அளவுகள் அவை. 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த வீடுகள் மண்ணுக்குள் போயின. அந்த வாரத்தை மலைக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இன்று மழை விட்டிருந்தாலும், முந்தைய மூன்று நான்கு நாட்கள் விடாமல் பெய்திருந்தால் மண் ஊறிக் கனத்திருக்கும். அப்படிப்பட்ட நாளில் லேசான தூறலே போதும், சரிவு இறங்கிவிடும். நான் கிளம்புவதற்கு முன் மேலே தெரிந்த ஒரு கடைக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டுவிடுவேன். "ரோடு ஓப்பனா இருக்கு, ஆனா வராதீங்க தம்பி" என்று அவர் ஒருமுறை சொன்னார். போகவில்லை.

கடையில் வாங்கிய சாதாரண 21 கியர் சைக்கிள் போதுமா?

போதும், ஆனால் கஷ்டப்படுவீர்கள். ஏன் என்று கணக்காகவே சொல்கிறேன். அந்த வகை சைக்கிள்களில் முன்பக்கம் சின்னப் பல்சக்கரம் பெரும்பாலும் 24 பல், பின்பக்கம் பெரியது 28 பல். 27.5 அங்குலச் சக்கரத்தில் ஒரு முழு மிதிக்கு ஏறக்குறைய 1.9 மீட்டர் நகர்வீர்கள். நிமிடத்துக்கு 60 மிதி என்றால் மணிக்கு 6.8 கிலோமீட்டர். 85 கிலோ மொத்த எடையோடு 8 சதவீதச் சரிவில் இந்த வேகத்தைத் தக்கவைக்க, மலையை ஏறுவதற்கு மட்டுமே 125 வாட்டுக்கு மேல் தேவை. நான்கு மணி நேரம் அதைக் கொடுக்க முடியாதவர் என்ன செய்வார்? மிதிக்கும் வேகத்தைக் குறைப்பார். நிமிடத்துக்கு 40 மிதி, 35 மிதி என்று இறங்கும்போது ஒவ்வொரு மிதியும் முழங்காலைப் பிடித்து இழுக்கும்.

பின்பக்கம் 34 பல் உள்ள ஃப்ரீவீல் (பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதி) மாற்றினால் அதே 60 மிதியில் மணிக்கு 5.6 கிலோமீட்டர் வேகம் போதும். முழங்கால் பிழைக்கும். பெரிய செலவில்லாத, மிகப் பெரிய பலன் தரும் மாற்றம் இதுதான். பெரிய பல் போட்டால் செயின் நீளமும், செயினைப் பல் மாற்றி நகர்த்தும் பின் டிரெய்லியரும் ஒத்துவருகிறதா என்று மெக்கானிக்கிடம் பார்த்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் ஒற்றை 32 பல்லும் பின்பக்கம் 51 பல்லும் உள்ள புதுவகை சைக்கிள் இருந்தால் உங்களுக்கு இந்தக் கவலையே வேண்டாம்.

இந்த மலையின் மறுபக்கத்தில் ஓடும் ரயிலை நினைத்துப் பாருங்கள். 1899-இல் குன்னூர் வரை ஓடத் தொடங்கிய அந்த ரயிலுக்கு, கல்லாறு தாண்டியதும் வெறும் சக்கரம் போதவில்லை. தண்டவாளங்களுக்கு நடுவே பல்வரிசை பதித்து, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விப் பிடித்துத்தான் ஏறுகிறது. சரிவு 12-க்கு 1. அந்த எஞ்சினே மெதுவாகப் பல் பல்லாகத்தான் ஏறுகிறது. நாமும் அப்படி ஏறினால் போதும்.

ஈரச் சாலையில் எழுந்து நின்று மிதிக்கலாமா?

முடிந்தவரை வேண்டாம். எழுந்து நின்றால் உடல் எடை முன்னால் போய்விடும், பின்சக்கரம் பிடிமானம் இழந்து வழுக்கும். சீட்டின் முன்நுனிக்கு நகர்ந்து உட்காருங்கள், முழங்கைகளை மடக்கி மார்பைக் கொஞ்சம் தாழ்த்துங்கள். பின்சக்கரத்தில் எடையும் இருக்கும், முன்சக்கரமும் தூக்காது. முதுகு பிடித்துக்கொண்டால் நேராக உள்ள இடத்தில் பத்து மிதி எழுந்து மிதித்துவிட்டு உட்காருங்கள்.

எங்கே வழுக்கும் என்று தெரிந்திருப்பதும் உதவும். வெள்ளைக் கோடுகள், இரும்புச் சல்லடை மூடிகள், மரநிழலில் சாலையோரம் படர்ந்த பாசி, நனைந்த தைலமர இலைகள். நாலு நாள் வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழையில், ஆரம்ப அரை மணி நேரம் சாலை முழுவதுமே மோசம். லாரிகள் சிந்திய எண்ணெய் அப்போதுதான் மேலே மிதக்கும்.

டயரில் காற்று எவ்வளவு?

75 கிலோ ஆளுக்கு, 2.1 அங்குல டயரில் தார்ச்சாலை மட்டும் என்றால் 35 பிஎஸ்ஐ அளவில் வைப்பேன். மண் பாதையும் சேர்ந்தால் 28-க்கு இறக்குவேன். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எல்லைக்குள் இருக்க வேண்டும்.

ரெயின்கோட் போட்டால் உள்ளே வேர்த்து நனைகிறது. போடாவிட்டால் மழையில் நனைகிறது. என்னதான் செய்வது?

எல்லோரும் இதைக் கேட்கிறார்கள். என் பதில்: ஏறும்போது நனையுங்கள். நனையாமல் ஏறலாம் என்ற ஆசையை அடிவாரத்திலேயே விட்டுவிட்டால் பாதிச் சங்கடம் தீர்ந்துவிடும்.

காரணம் இருக்கிறது. ஏறும்போது கால்கள் 120 வாட் வேலை செய்தால், உடல் அதற்கு மேல் 400 வாட் அளவுக்கு வெப்பத்தையும் வெளியேற்றுகிறது. உங்களுக்குள்ளேயே ஒரு ஹீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் பிளாஸ்டிக் கோட்டைப் போர்த்தினால் வெந்துபோவீர்கள். உடம்போடு ஒட்டிய பாலியெஸ்டர் பனியன் ஒன்று, அதன் மேல் காற்றை மட்டும் தடுக்கும் மெல்லிய கையில்லாத ஜாக்கெட் ஒன்று போதும். ஜிப்பைத் திறந்து மூடி வெப்பத்தைச் சரிசெய்துகொள்ளலாம். பருத்தி மட்டும் வேண்டவே வேண்டாம். அது தண்ணீரைக் குடித்துவிட்டு விடாது.

ரெயின்கோட்டைப் பைக்குள், உலர்ந்த துணியோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். அது இறங்கும்போது போட. ஹெல்மெட்டுக்கு அடியில் விளிம்புள்ள தொப்பி ஒன்று இருந்தால் கண்ணில் மழை அடிக்காது. தொடை இடுக்கில் தேங்காய் எண்ணெய் தாராளமாகத் தடவிக்கொள்ளுங்கள். ஈரத்தில் நான்கு மணி நேர உராய்வு தோலை உரித்துவிடும், அந்த எரிச்சல் ஏற்றத்தைவிடக் கொடுமை.

தமிழ்நாட்டில் குளிரால் உயிருக்கு ஆபத்து வருமா?

வரும். இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல அனுமதியுங்கள்.

உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஐந்து முதல் ஆறரை டிகிரி வரை குறையும். மேட்டுப்பாளையத்தில் 24 டிகிரி மழை என்றால் கோத்தகிரியில் 15, 16 இருக்கும். அது உறைபனி இல்லைதான். ஆனால் தண்ணீர், காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் வேகமாக உடம்பின் சூட்டை எடுத்துவிடும். நனைந்த துணி, அதன் மேல் 30 கிலோமீட்டர் வேகக் காற்று, நான்கு மணி நேர உழைப்பில் காலியான வயிறு: இந்த மூன்றும் சேர்ந்தால் 15 டிகிரியே போதும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அது ஆபத்தான நிலை.

எனக்கே நடந்தது. ஒரு நவம்பர் ஞாயிறு. ஏற்றம் அருமையாகப் போயிற்று. கோத்தகிரியில் நின்று டீ குடித்து, பேசிக்கொண்டே இருபது நிமிடம் போய்விட்டது. ஏறும்போது 400 வாட் வெப்பம் தந்த உடம்பு, நின்றதும் 100 வாட்டுக்கு இறங்கிவிடும். அது அப்போது எனக்குத் தெரியாது. நனைந்த பருத்தி டீசர்ட்டோடு அப்படியே இறங்கத் தொடங்கினேன். அரவேணு வருவதற்குள் விரல்கள் பிரேக்கை இழுக்க மறுத்தன. இரண்டு கைகளையும் சேர்த்து மணிக்கட்டால் அழுத்தி நிறுத்தினேன். கூட வந்த அண்ணன் ஏதோ கேட்டார். நான் பதில் சொன்னேன். ஆனால் வாய் குழறியது, சொன்னதும் சம்பந்தமில்லாத பதில். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் சைக்கிளைப் பிடுங்கி ஓரமாக நிறுத்தினார்.

சாலையோர டீக்கடை அக்கா எதையும் விசாரிக்கவில்லை. "உள்ள வா சாமி, அடுப்புக்கிட்ட உக்காரு" என்றார். அவர் வீட்டுக்காரரின் சட்டையைக் கொடுத்து மாற்றச் சொன்னார், மேலே ஒரு கம்பளியைப் போர்த்தினார். சர்க்கரை அதிகம் போட்ட டீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். நடுக்கம் நிற்க ஒரு மணி நேரம் ஆனது. அடுத்த வாரம் அந்தச் சட்டையைத் துவைத்துத் தேய்த்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் அதை மறந்தே போயிருந்தார். நான் மறக்கவில்லை.

அறிகுறிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் அடக்க முடியாத நடுக்கம். அப்புறம் விரல்கள் சொன்னபடி கேட்காது, ஜிப் போட வராது. பேச்சு குழறும், நடை தள்ளாடும், தேவையில்லாமல் எரிச்சல் வரும். இதைப் பாதிக்கப்பட்டவரால் உணர முடியாது, கூட வருகிறவர்தான் பார்க்க வேண்டும். அதனால்தான் மழையில் தனியாகப் போகாதீர்கள் என்கிறேன். ஈர உடையை மாற்றி, போர்த்தி, நினைவு தெளிவாக இருந்தால் சூடாக, இனிப்பாகக் குடிக்கக் கொடுங்கள். கைகால்களைப் பரபரவென்று தேய்க்காதீர்கள். பிராந்தி கொடுத்தால் சூடேறும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், மது உடல்சூட்டை வெளியே விட்டுவிடும். நடுக்கம் நின்றுபோய் ஆள் தூக்கத்தில் சாய்ந்தால் அவர் தேறிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். உடனே 108.

என்ன சாப்பிடுவது, எவ்வளவு குடிப்பது?

85 கிலோவை 1,450 மீட்டர் தூக்க உடம்பு எரிப்பது குறைந்தது 1,200 கலோரி. சாலையின் உராய்வையும் சேர்த்தால் இன்னும் கூடும். தசைகளிலும் கல்லீரலிலும் இருக்கும் சேமிப்பு 1,600 முதல் 2,000 கலோரி. ஏற்றத்தை முடிக்க அது போதும் போலத் தோன்றும். ஆனால் நடுங்குவதற்கும் உடம்புக்கு எரிபொருள் வேண்டும். சேமிப்பு தீர்ந்தவரால் நடுங்கக்கூட முடியாது.

அதனால் மணிக்கு 40, 50 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். இரண்டு வாழைப்பழம், அல்லது ஐந்தாறு பேரீச்சை, அல்லது கடலைமிட்டாயும் ஒரு பழமும். பசிக்கும் வரை காத்திருக்காமல் அரை மணிக்கு ஒருமுறை சாப்பிடுங்கள். விரல் விறைத்த பிறகு எந்த உறையையும் பிரிக்க முடியாது, அதனால் வீட்டிலேயே எல்லாவற்றையும் உரித்து ஒரு டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள்.

மழையில் தாகம் தெரியாது. ஆனால் வேர்வை போய்க்கொண்டேதான் இருக்கும். மணிக்கு அரை லிட்டர், எலுமிச்சையும் உப்பும் சர்க்கரையும் போட்டு. ஒரு சின்ன ஃபிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோங்கள். அதன் எடையை நான் ஒருநாளும் பாரமாக நினைத்ததில்லை. நீலகிரி மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது, சைக்கிளில் மாட்டும் பாட்டில் அல்லது ஸ்டீல் பாட்டில்தான் சரி.

பாதி வழியில் மனசு விட்டுப்போகிறது. அப்போது என்ன செய்வீர்கள்?

எனக்கு அது பெரும்பாலும் குஞ்சப்பனை தாண்டியதும் வரும். கீழே சூடாக இருந்த காடு முடிந்திருக்கும், மேலே தேயிலை இன்னும் தொடங்கியிருக்காது. மேகத்துக்குள் நுழைந்திருப்பீர்கள். இருபது அடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. வெயில் நாளில் அடுத்த வளைவு, எதிர்மலை, தூரத்து வீடுகள் என்று எதையாவது பார்த்துக்கொண்டு ஏறலாம். மேகத்தில் அந்த ஆறுதல் எதுவும் இல்லை. நகர்கிறோமா என்பதே சந்தேகமாக இருக்கும்.

முதலில் நான் செய்வது, ஏதாவது வாயில் போட்டுக்கொள்வது. "ஏன் இதைச் செய்கிறேன்" என்ற எண்ணம் வரும்போதெல்லாம் நேரத்தைப் பார்ப்பேன். பெரும்பாலும், கடைசியாகச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். பத்து நிமிடத்தில் மனசு திரும்பிவிடும். மனசோர்வு என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு வெறும் சர்க்கரைக் குறைவுதான் என்று இத்தனை வருடத்தில் நம்பத் தொடங்கிவிட்டேன்.

அப்புறம், ஓடோமீட்டரைப் பார்ப்பதை நிறுத்திவிடுவேன். மணிக்கு ஆறு கிலோமீட்டர் வேகத்தில் அந்த எண் மாறுவதைப் பார்ப்பது தண்டனை. அதற்குப் பதில் மிதிகளை எண்ணுவேன், நூறு வரை. நூறு முடிந்தால் திரும்ப ஒன்று. மூச்சையும் அதோடு சேர்த்துவிடுவேன்: மூன்று மிதிக்கு உள்ளே, மூன்று மிதிக்கு வெளியே. மூச்சு இரண்டுக்கு இரண்டு என்று சுருங்கினால் வேகம் அதிகம் என்று பொருள், குறைத்துவிடுவேன். கூட வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பது இன்னும் எளிய அளவுகோல்.

தோள்களைக் கவனியுங்கள். குளிரில் அவை தாமாகவே காதுவரை ஏறிவிடும், தாடை இறுகும், ஹேண்டில்பாரை நெரிப்பீர்கள். கால்களுக்குப் போக வேண்டிய சக்தி அங்கே வீணாகிறது. எண்ணிக்கை நூறைத் தொடும்போதெல்லாம் தோளை இறக்கி, விரல்களை ஒவ்வொன்றாகப் பியானோ வாசிப்பதுபோல அசைத்துக்கொள்வேன். விறைப்பும் குறையும்.

நிற்பதானால் இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் அவமானமா?

இல்லை. நீங்கள் மிதித்தால் மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர், தள்ளினால் நாலு. வித்தியாசம் அவ்வளவுதான். மலை சைக்கிள் பந்தயங்களில் உலகத்தரமான வீரர்களே சேற்றில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். தள்ளும்போது வேறு தசைகள் வேலை செய்யும், முதுகு நிமிரும், விறைத்த பாதங்களில் ரத்தம் ஓடும். நான் வேண்டுமென்றே ஒவ்வொரு மணி நேரத்திலும் மூன்று நான்கு நிமிடம் தள்ளுவேன்.

மேகமூட்டத்தில் பஸ், லாரிக்கு நாம் தெரிவோமா?

தெரியாது என்றே வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். பின்னால் சிவப்பு விளக்கு, முன்னால் வெள்ளை விளக்கு, இரண்டும் பகலிலும் எரிய வேண்டும். உடையில் பளபளக்கும் பட்டை. கறுப்பு ரெயின்கோட் வேண்டாம்.

கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போது அதன் பின்பகுதி உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். ஆகவே பஸ் வரும் சத்தம் கேட்டால் உள்விளிம்பில் நிற்காதீர்கள். வளைவுக்கு முன்பே நின்று அதைப் போகவிடுங்கள். மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. இந்தச் சாலை டிரைவர்கள் பெரும்பாலும் அதை மதிப்பவர்கள். கையை உயர்த்தி நன்றி சொன்னால் அவர்களும் ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போவார்கள். அந்த மேகத்துக்குள் அது எவ்வளவு தெம்பு தரும் என்று ஏறியவர்களுக்குத்தான் தெரியும்.

யானை?

குஞ்சப்பனை, முள்ளூர் பக்கம் இருக்கிறது. பலாப்பழ சீசனில் அதிகம். மழைச் சத்தத்தில் நீங்கள் வருவது யானைக்குக் கேட்காது, மேகத்தில் அது நிற்பது உங்களுக்குத் தெரியாது. புதிய சாணம், ஒடிந்த மூங்கில் அல்லது கிளைகள், திடீரென்று நின்றுவிட்ட வண்டிகள்: எதைப் பார்த்தாலும் நில்லுங்கள். ஒரு பஸ்ஸோ லாரியோ வரும்வரை காத்திருந்து அதன் பின்னாலேயே போங்கள். விடியலுக்கு முன்னும் பொழுது சாய்ந்த பிறகும் அந்தப் பகுதியில் சைக்கிளில் இருக்கவே கூடாது. காலை ஏழுக்குப் பிறகு கிளம்புங்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

அட்டை கடித்தால்?

பிய்த்து இழுக்காதீர்கள். நகத்தால் வாய்ப்பக்கத்தை ஓரமாகத் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் வரும், பயப்பட வேண்டாம். கழுவிக் கட்டுப்போட்டுவிட்டு ஏறுங்கள்.

தார்ச்சாலையை விட்டுத் தேயிலைத் தோட்டப் பாதைகளில் போகலாமா? மலை சைக்கிள் அதற்குத்தானே?

ஆசை புரிகிறது. எனக்கும் அங்கே ஓட்டத்தான் பிடிக்கும். ஆனால் தோட்டம் தனியார் நிலம், கேட்டுவிட்டுப் போக வேண்டும். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் நுழையவே கூடாது. 2018-இல் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 20-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு விதிகள் இன்னும் இறுகியிருக்கின்றன. அது நியாயமும்கூட.

அனுமதி கிடைத்துப் போனாலும் மழையில் அந்தச் செம்மண் உங்களை ஓட்ட விடாது. டயரில் அப்பி, ஃபோர்க்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே அடைத்து, சக்கரமே சுற்றாமல் நின்றுவிடும். மண்ணைச் சுரண்ட சின்னக் குச்சி ஒன்று வைத்திருங்கள். பாதை நடுவே ஓடும் புல் வரிசையில் டயரை வைத்தால் பிடிமானம் கிடைக்கும். அதோடு, ஈரமண்ணில் நாம் பதிக்கும் தடம் அடுத்த மழையில் ஓடையாக அரித்துவிடும். அந்தப் பாதையில் மூட்டை சுமந்து நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் கனமழை நாட்களில் நான் தார்ச்சாலையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இறங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் உடை. கோத்தகிரியில் நின்றவுடன், டீக்கு முன்பே, ஈரப் பனியனைக் கழற்றி உலர்ந்ததைப் போடுங்கள். மார்புக்கும் சட்டைக்கும் நடுவே இரண்டு செய்தித்தாள், அதன் மேல் ரெயின்கோட். உலர்ந்த கையுறையும் காலுறையும். இந்த ஐந்து நிமிடத்தைச் சோம்பலால் விட்டவர்களில் நானும் ஒருவன், விளைவை மேலே எழுதியிருக்கிறேன்.

பிரேக் பேடுகளை முந்தைய நாளே பாருங்கள். மழைமணல் பேடை அரம்போல் தேய்க்கும். ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக் என்றால், ஈரத்தில் முதல் ஒன்றிரண்டு சுற்று தண்ணீரைத் துடைக்கத்தான் போகும், அப்புறம்தான் பிடிக்கும். ஆகவே வளைவுக்கு வெகுமுன்னரே லேசாகத் தொட்டுத் துடைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் பிரேக்கிலும் விடாமல் அழுத்தாமல், அழுத்தி விட்டு அழுத்துங்கள். வளைவுக்குள் நுழையும் முன்பே வேகம் குறைந்திருக்க வேண்டும், திரும்பும்போது பிரேக்கைத் தொடக் கூடாது.

இறங்கவே வேண்டுமா என்றும் யோசியுங்கள். மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி ஏற்றிப் போகும் வேன்கள் இருக்கின்றன. முன்கூட்டியே பேசிவைத்தால் சைக்கிளோடு இறங்கிவிடலாம். ஏற்றத்தை முடித்த பெருமை எதுவும் அதனால் குறையாது.

எப்போது திரும்பிவிட வேண்டும்?

மேலிருந்து சின்னக் கற்கள் உருள்கின்றன என்றால் உடனே. தெளிவாக ஓடிய ஓரக்கால்வாய் திடீரென்று சேறாகிவிட்டாலும், சாலையில் புது விரிசலோ சாய்ந்த மரமோ தெரிந்தாலும் உடனே. இடி விழத் தொடங்கினால் ஒற்றை மரத்தடியில் நிற்காமல் கட்டடத்துக்குள் போங்கள். யாருக்காவது பேச்சு குழறினால், எவ்வளவு அருகில் வந்திருந்தாலும், அன்றைய ஏற்றம் அங்கேயே முடிந்தது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, போனை ஈரம் புகாத உறையில் வைத்திருங்கள்.

நண்பகலுக்குள் கோத்தகிரி வராவிட்டால் திரும்புவது என்று கிளம்பும்போதே பேசிவிடுவோம். மேலே போய் முடிவெடுக்கலாம் என்று விட்டால், களைத்த மூளை எப்போதும் "இன்னும் கொஞ்சம்தான்" என்றே சொல்லும்.

வீட்டுக்கு வந்ததும் சைக்கிளுக்கு என்ன செய்ய வேண்டும்?

அன்றைக்கே, குளிப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். சாதாரணக் குழாய்த் தண்ணீரில் சேற்றைக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸில் பீய்ச்சி அடித்தால் பேரிங்குக்குள் தண்ணீர் போகும். செயினைத் துணியால் துடைத்து, உலர்ந்த பிறகு ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய், அப்புறம் மேலே மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். சீட் குழாயைக் கழற்றிவிட்டுச் சைக்கிளைத் தலைகீழாகச் சாய்த்துப் பாருங்கள். முதல் முறை அப்படிச் செய்தபோது என் சைக்கிளின் சட்டத்துக்குள்ளிருந்து ஒரு டம்ளர் கோத்தகிரி மழை வெளியே வந்தது.